ஆசிட்டாரின் தோல்தண்ணி

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே ஆசிட்டார் செய்கிற முதல் வேலை மூடி திறப்பது. சமையலறைக்குப் பின்னால், ஒரு ஆள் பக்கவாட்டில் ஒடுங்கிப் போகிற அகலத்தில் ஒரு நடை இருக்கிறது. அதன் சுவரோரம் பிளாஸ்டிக் கேன்கள் வரிசையாக நிற்கும். உள்ளே எலுமிச்சைத் தோல், ஆரஞ்சுத் தோல், சர்க்கரை, தண்ணீர். புளிக்கப் போட்ட புதிதில் கேனுக்குள் காற்று கட்டிக்கொண்டே இருக்கும். தினமும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, புஸ்ஸென்று அது வெளியே போனதும் மறுபடி இறுக்க வேண்டும். ஒரு நாள் மறந்தால் கேன் வயிறு உப்பிக்கொண்டு நிற்கும். அடுத்த நாளும் மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நடையின் கூரையில் இன்னும் பழுப்பாகச் சாட்சி இருக்கிறது.

ஒவ்வொரு மூடிக்கும் ஒருவரைத் திட்டுவார். முதல் கேனுக்கு ஹோட்டல் மேனேஜர். அடுத்ததற்கு, டிவியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கழிப்பறையைக் காட்டிப் பல்லிளிக்கிற விளம்பரக்காரன். அதற்கடுத்ததற்குப் பெரும்பாலும் அவருடைய சொந்த அக்கா. கேனுக்கும் காற்று இறங்குது, அண்ணனுக்கும் இறங்குது என்று தெருவில் கிண்டல் பண்ணுவார்கள். அவருக்கு எங்கே இறங்கியது? இறங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆசிட்டார் என்பது தெரு வைத்த பெயர். முகத்துக்கு நேராக எல்லாருக்கும் அவர் அண்ணன்தான். லாரி பேட்டரி பழுது பார்க்கிற கடையில் வேலை. ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் சட்டைகளெல்லாம் சல்லடையாக இருக்கும். ஆனால் பெயர் சட்டையால் வந்ததில்லை. மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம். பால் பாக்கெட் கசிந்தால் கோபம், கசியாவிட்டால் தண்ணீர் கலந்து கெட்டியாகக் கட்டியிருக்கிறார்கள் என்று கோபம். பஸ் தாமதமாக வந்தால் டிரைவரைத் திட்ட முடியாமல், பக்கத்தில் நிற்கிற பயணியைத் திட்டுவார். கெட்டவர் இல்லை. அவரிடம் ஒரு நல்ல செய்தியைச் சொல்வதற்குக்கூட ஆட்கள் நேரம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ஹோட்டல்காரர்கள் மேல் இருந்த அந்த ஒரு கோபத்துக்கு மட்டும் நியாயம் இருந்தது. அவர் மனைவி ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளின் குளியலறை கழுவுகிற வேலை பார்த்தாள். ஜன்னலே இல்லாத குளியலறைகள். கதவைச் சாத்திக்கொண்டு கழுவ வேண்டும், வாடை வெளியே வந்தால் விருந்தாளிகளுக்குப் பிடிக்காது. சாமான்கள் எல்லாம் நிறம் நிறமான கேன்களில் வரும். சிவப்பு கழிப்பறைக்கு, மஞ்சள் டைல்ஸுக்கு, நீலம் கண்ணாடிக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. பெயர் படிக்க வேண்டாம், நிறம் பார்த்து ஊற்று, சிவப்பையும் மஞ்சளையும் மட்டும் சேர்க்காதே என்றார் சூப்பர்வைசர். அவளும் அப்படியே ஊற்றினாள். அவள் கழுவிய தொட்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்பார்கள். அந்தப் பேச்சில் அவளுக்குப் பெருமை உண்டு. வேறு எதில் அவளைப் பெருமைப்பட விட்டார்கள்?

பிறகு இருமல் வந்தது. வந்த இருமல் போகவில்லை. வராந்தாவில் இருமுகிற சத்தம் அறைக்குள் கேட்கிறது என்று ஒரு விருந்தாளி புகார் செய்ததும், ஹோட்டல்காரர்கள் அவளைக் கூப்பிட்டு, கை தட்டி, ஒரு பூங்கொத்தும் பை நிறையக் குட்டிக் குட்டி சோப்பும் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். நுரையீரலை எடுத்துக்கொண்டு சோப்பு கொடுத்தார்கள். ஆசிட்டார் அந்தப் பையை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார். காவலாளி கேட்டைத் தாண்ட விடவில்லை. வெளியே நின்றபடியே ஒவ்வொரு சோப்பாக உள்ளே எறிந்தார். பை காலியானதும் பையையும் எறிந்தார். திரும்பி வரும் வழியில் அழுதார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கண் சிவந்திருப்பதைப் பார்த்து அவளாகவே தெரிந்துகொண்டாள்.

டாக்டர் ஒன்றும் மறைக்கவில்லை. நுரையீரல் உள்ளுக்குள் வெந்துபோயிருக்கிறது, இனி ப்ளீச்சோ ஆசிட்டோ நெருங்கவே கூடாது, இன்னொரு தரம் பலமாக அடி வாங்கினால் மூச்சு பழையபடி திரும்பாது என்றார். ஆசிட்டார் அன்றைக்கே வீட்டைத் துடைத்து எடுத்துவிட்டார். ப்ளீச், பினாயில், கழிப்பறை ஆசிட், வாசனை உருண்டை, கண்ணாடித் தண்ணி, கொசு மருந்துகூட மிஞ்சவில்லை. ஹோட்டல் சீருடையையும் கொளுத்தப் பார்த்தார். அதை மட்டும் அவள் பிடுங்கிப் பையில் போட்டுப் பரண் மேல் ஏற்றிவிட்டாள்.

தோல்தண்ணியை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது முனைக்கடை ஜூஸ்காரர். மேசையில் பிசுக்கே இல்லையே, எதால் துடைக்கிறாய் என்று கேட்கப்போய், எறிகிற தோலில்தான் அண்ணே என்று பதில் வந்தது. அன்றிலிருந்து ஜூஸ்கடைத் தோல் முழுக்க ஆசிட்டார் வீட்டுக்கு. முதல் கேன் வெடித்தது. இரண்டாவது பூசணம் பிடித்தது. மூன்றாவது தேறியது. புளித்து வாடை அடங்கிய தண்ணியை வடிகட்டி, தரை துடைக்க அது. குழாயில் படிகிற வெள்ளை உப்புக்கு, வினிகரில் ஊறவைத்த தோல். அடிப்பிடித்த பாத்திரத்துக்குச் சோடா உப்பு. துணிக்கு, கட்டி சோப்பைக் காரட் மாதிரி துருவி, சலவைச் சோடாவுடன் வெந்நீரில் கரைத்துக் கூழாக்குவார். பேட்டரியோடு மல்லுக்கட்டின கை துருவலோடும் மல்லுக்கட்டியது.

தெருவில் ஒவ்வொருவராகக் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். பாட்டிலைக் கொண்டுவந்தால் ஊற்றிக் கொடுப்பார். கூடவே ஒரு பிரசங்கம். உங்க வீட்டுல விஷத்தை ஊத்தித் துடைக்கிறீங்க, அதும்மேல குழந்தை தவழுது, வெட்கமா இல்லையா என்று ஆரம்பித்தால், வந்தவர் பாட்டிலை மறந்துவிட்டு ஓடினால் போதும் என்று நிற்பார். முடிக்கும்போது எப்போதும் அதே வரி: "இதைக் குழந்தை குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது." எந்தக் குழந்தையும் குடித்துப் பார்க்கவில்லை. ஆனாலும் தெருவே நம்பியது.

வீட்டுக்குள் ஒரு விஷயத்தை மட்டும் தோல்தண்ணி தீர்க்கவில்லை. பழைய குளியலறை. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவிலுள்ள பூச்சு கருத்துப்போயிருந்தது. தோல்தண்ணி பிசுக்கை எடுக்கும், வாடையை எடுக்கும். அந்தக் கருப்பை எடுக்காது. அவள் சோடா உப்பைக் குழைத்து, பழைய பல் பிரஷ்ஷால் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்தாள். இருமினாள். மறுபடி தேய்த்தாள். கருப்பு அசையவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் மெதுவாகச் சொன்னாள், அந்தக் கருப்புக்கு ஏதாவது பண்ணணும் என்று. ஆசிட்டார் தட்டைத் தள்ளினார்.

"கருப்பு கண்ணை உறுத்துதுன்னா கண்ணை மூடிக்கிட்டுக் குளி. உனக்கு மூச்சு வேணுமா, டைல்ஸ் வேணுமா?"

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அவர் நினைத்துக்கொண்டார். கோபக்காரர்களுக்கு இந்த வசதி உண்டு. அவர்கள் வீட்டில் எல்லாப் பிரச்சினையும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

இப்படி இருக்கும்போது அவருடைய அக்கா வந்து இறங்கினார். தம்பிக்குக் கோபம் மூக்கில் என்றால் அக்காவுக்கு வாயில். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், யாருக்கு யார் சளைத்தவர்? வந்த மறுநாள் காலையில் குளித்துவிட்டு வெளியே வந்தார். மிதியடியில் காலை ஒரு தரம் துடைத்தார். பிறகு வேண்டுமென்றே இன்னொரு தரம் துடைத்தார்.

"ஊரான் வீட்டுக் கக்கூஸையெல்லாம் கண்ணாடியா வச்சிருந்தவ," என்றார். "தன் வீட்டை இப்படிப் போட்டு வச்சிருக்கா."

ஆசிட்டாருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. என் தோல்தண்ணிக்கு என்ன குறை என்று ஆரம்பித்தார். இந்தத் தெருவே வாங்கிட்டுப் போகுது, உனக்கு மட்டும் மூக்கு வேற மாதிரியா, விஷத்துல கால் வச்சாத்தான் உனக்குச் சுத்தமா என்று காலைச் சாப்பாடு முடிகிற வரைக்கும் கத்தினார். அக்காவும் விடவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வளவு நேரம் கத்தியதில் அவர் தண்ணிக்காகப் பேசினார், மனைவிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் இரண்டு பேருக்கும் பரிமாறினாள். தட்டுகளை எடுத்தாள். அவர் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கடைக்குப் போனார்.

வெயில் ஏறின நேரம். பேட்டரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவருக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. குரலில் குத்தலே இல்லை. அதிலேயே அவர் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வா என்று மட்டும் சொல்லி அக்கா வைத்துவிட்டார்.

மனைவி படுக்கையில் ஆக்சிஜன் முகமூடியோடு கிடந்தாள். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. மூச்சு உள்ளே போகிற சத்தம் கிழிசல் துணியை இழுப்பது மாதிரி கேட்டது. டாக்டர் எதை முகர்ந்தார்கள் என்று கேட்டார். எதையும் இல்லை, அது பழைய இருமல்தான் என்றார் ஆசிட்டார். டாக்டர் நம்பவில்லை, ப்ளீச் மாதிரி ஏதாவது என்று மறுபடி கேட்டார். அவ்வளவுதான். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஆசிட்டார் வெடித்தார். என் வீட்டுல வந்து பாரு, ஒரு சொட்டு விஷம் கிடையாது, எல்லாம் என் கையால செஞ்சது, பழத்தோல், சோடா உப்பு, சோப்பு, உங்களை மாதிரிப் படிச்சவங்கதான் ஊரைக் கெடுக்கிறீங்க என்று, அவள் மூச்சு வாங்குகிற கட்டில் பக்கத்திலேயே நின்று கத்தினார்.

அக்கா தன் கைப்பையைத் திறந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசை மேல் வைத்தார். பாதி காலியான ப்ளீச் பாட்டில்.

"உன் வீட்டுலதான்டா இருந்துச்சு," என்றார். "கத்தாம இரு. அவர் வேலையைப் பாக்கட்டும்."

நடந்ததை அக்கா டாக்டரிடம் சொன்னார். ஆசிட்டார் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார். அவர் கடைக்குப் போனதும் அவள் பரணிலிருந்த ஹோட்டல் சீருடைப் பையை இறக்கியிருக்கிறாள். அவர் கண்ணில் படாமல் அதற்குள்தான் அந்தப் பாட்டிலை ஒளித்திருக்கிறாள். குளியலறைக் கதவைச் சாத்தி, வாளியில் தோல்தண்ணியைத் தண்ணீர் கலக்காமல் கெட்டியாக ஊற்றி, அதன் மேல் ப்ளீச்சையும் ஊற்றியிருக்கிறாள். நாத்தனார் அடுத்த தரம் குளிக்கப் போவதற்குள் டைல்ஸ் வெளுத்துவிட வேண்டும். அக்காவுக்கு இருமல் சத்தம் கேட்டிருக்கிறது. பிறகு இருமலும் நின்றுபோனதும்தான் பயந்து, தோளால் இடித்துத் தாழ்ப்பாளைப் பெயர்த்து, கையைப் பிடித்துத் தரதரவென்று வாசல் வரை இழுத்து வந்திருக்கிறார்.

கேட்கும்போதே ஆசிட்டாருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புளிப்பும் ப்ளீச்சும் சேர்ந்தால் மஞ்சள் புகை கிளம்பும், அந்தப் புகை நுரையீரலைத் தின்னும். அவருக்கா தெரியாது? கடைச் சுவரில் ஆசிட் கேன்களுக்கு மேலே அவர் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறார், இதன் பக்கத்தில் ப்ளீச் கொண்டுவராதே என்று. கடைக்கு வந்துபோகிற லாரிக்காரர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார். வீட்டில் சொல்லவில்லை. வீட்டில்தான் ப்ளீச்சே கிடையாதே, இல்லாத சாமானைப் பற்றி எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டார்.

அவள் பேசுகிற அளவுக்குத் தேறியதும், ஆசிட்டார் கட்டிலருகே உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் நல்லவிதமாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் வந்தார். வாயைத் திறந்ததும் பழைய ஆசிட்டார் வந்துவிட்டார்.

"ஏன் ஒளிச்சு வச்ச?"

"முன்னாடி வச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தூக்கி எறிஞ்சிருப்பேன்."

"அதான் ஒளிச்சேன்."

குரல் நூல் மாதிரி இருந்தது. ஆனால் அதில் கோபம் இருந்தது. அவளுடைய கோபத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. அவருடையதே வீட்டை அடைத்துக்கொண்டிருந்ததால் அவளுடையதற்கு இடம் இல்லாமல் போயிருந்தது.

ரெண்டையும் சேர்க்கக் கூடாதுன்னு ஹோட்டல்ல சொல்லித் தரலையா என்று கேட்டார். கேட்டபோதே குரல் இறங்கியிருந்தது.

"சிவப்பையும் மஞ்சளையும் சேர்க்காதேன்னாங்க. உங்க தண்ணிக்கு என்ன நிறம்?" நிறுத்தி மூச்சு வாங்கினாள். "குழந்தை குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு தெரு முழுக்கச் சொன்னீங்க. நானும் நம்பினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவள் முகமூடியை மூக்கில் வைத்துக்கொண்டாள். இரண்டு மூச்சு இழுத்தாள். பிறகு எடுத்தாள்.

"உங்ககிட்ட யாருங்க கேப்பா?"

ஆசிட்டார் எழுந்து வராந்தாவுக்குப் போனார். திட்டுவதற்கு ஆள் தேடினார். ஹோட்டல் மேனேஜர் ஞாபகத்துக்கு வந்தார். முதல் அடி அவர்கள் அடித்ததுதான், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவது அடி விழுந்தது தன் வீட்டில், தன் தண்ணியில். எவ்வளவு தேடியும் அதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நின்ற இடத்திலேயே தன்னைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். துடைப்பத்தோடு போன பெண் ஒதுங்கிப் போனாள்.

டாக்டர் முன்பே சொன்னது சொன்னபடி நடந்தது. மூச்சு பழையபடி திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தபின் அவள் வாசலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு தரம் உட்கார வேண்டியிருந்தது. கட்டிலருகே காற்றுக் கொடுக்கிற இயந்திரம் ஒன்று குடிவந்தது. அது ஓடுகிற சத்தத்தில்தான் இனி அந்த வீட்டில் பேச்சு.

குளியலறையை ஆசிட்டார் கையில் எடுத்தார். தேய்க்கவில்லை. ஸ்க்ரூடிரைவரால் டைல்ஸ் இடுக்கிலிருந்த பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளை சிமெண்டைக் குழைத்து இழுத்தார். காய்ந்ததும் பளிச்சென்று ஆகிவிட்டது. ப்ளீச்சும் வேண்டாம், தோல்தண்ணியும் வேண்டாம், இவ்வளவு சின்ன வேலை. எந்தக் கொத்தனாரும் சிரித்துக்கொண்டே செய்வார். அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் அவள் கேட்டபோது தட்டைத் தள்ளாமல் என்ன பண்ணலாம் என்று கேட்டிருந்தால், அன்றைக்கே யாருக்காவது இது தோன்றியிருக்கும். அவர் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினார். அவள் பார்த்தாள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. அக்கா மட்டும் மூக்கைச் சிந்திக்கொண்டார். தன் வாயால் வந்த வினை என்று அவருக்கும் தெரியும். அதன்பின் அந்த வீட்டில் அவர் இரண்டாம் தரம் கால் துடைக்கவே இல்லை.

தோல்தண்ணியை நிறுத்திவிடத்தான் நினைத்தார். நிறுத்தக் கூடாது என்று சொன்னது அவள்தான். ஏற்கெனவே தெருவில் பாதி வீட்டில் அந்தத் தண்ணி இருக்கிறது, எத்தனை வீட்டில் அதன் பக்கத்திலேயே ப்ளீச் இருக்கிறதோ, போய்ச் சொல்லுங்கள் என்றாள். எல்லா பாட்டிலுக்கும் சிவப்பு மூடி வாங்கிவரச் சொன்னதும் அவள்தான். வாங்கிவந்தார். குழந்தை குடிச்சாக்கூட என்ற வரியை அதற்கப்புறம் யாரும் அவர் வாயில் கேட்கவில்லை.

முதலில் வந்தது எதிர்வீட்டுத் தையல்காரம்மா. காலிப் பாட்டிலை நீட்டினார். ஆசிட்டார் அதை வாங்கவில்லை. கண்ணை உருட்டி, திருடனைப் பிடித்த மாதிரி நின்றுகொண்டு கேட்டார்.

"வீட்டுல ப்ளீச் வச்சிருக்கியா?"

"ஐயோ, கிடையவே கிடையாதுண்ணே," என்றார் தையல்காரம்மா, ஒரு அடி பின்னால் நகர்ந்துகொண்டே.

சரி என்று பாட்டிலை வாங்கப்போனார். உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"நானா இருந்தாலும் இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். திரும்பக் கேளுங்க."

ஆசிட்டாருக்குச் சுர்ரென்று ஏறியது. ஏறியதைத் தையல்காரம்மாவும் பார்த்தார். உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிட்டார் வாசல்படியில் உட்கார்ந்தார். முழங்காலில் கை வைத்துக்கொண்டார். தரையைப் பார்த்துக் கேட்டார், அவருக்கே பழக்கமில்லாத குரலில்.

"இருந்தா பரவாயில்லம்மா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். இருக்கா?"

தையல்காரம்மா அவரைப் பார்த்தார். உள்ளே இருந்தவளைப் பார்த்தார்.

"இருக்குண்ணே. வெள்ளைத் துணியில மிஷின் எண்ணெய் பட்டா வேற வழியில்ல. இந்த பாட்டில் பக்கத்துலதான் வச்சிருக்கேன்."

ஆசிட்டார் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். எதை எதோடு சேர்க்கக் கூடாது, ஏன் கூடாது, ஒரே வாளியை அலசாமல் அடுத்ததற்கு எடுத்தால் என்ன ஆகும் என்று நிதானமாகச் சொன்னார். தையல்காரம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். நடுவில் இரண்டு சந்தேகம்கூடக் கேட்டார். பிறகு சிவப்பு மூடி பாட்டிலை வாங்கிக்கொண்டு போனார்.

ஆசிட்டார் உள்ளே வந்தார். அவள் முகமூடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"இந்தக் குரல் இவ்வளவு நாளா உங்ககிட்ட இருந்துச்சா?" என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள்.